நடுவில் மாட்டிய பெட்டி

குங்குமம் காலையில் வைத்தது. மாலை நான்கு மணியாகியும் காயவில்லை. திப்பேசாமி பெட்டியைப் பூஜை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, ஈரமான கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஆயுத பூஜைக்காகப் பெங்களூரே மூடிக் கிடந்தது. அலுவலகத்தில் அவன் ஒருவன்தான். வாசலில் உடைத்த பூசணிக்காயின் புளித்த வாடையும், வாடத் தொடங்கிய சாமந்தியும், எங்கோ ஓயாமல் முனகும் மின்விசிறியும்தான் துணை. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. அலுவலக நெட்வொர்க்கில் போய்வரும் எல்லாவற்றையும், போன் பேச்சு உட்பட, கண்காணிக்கும் பெட்டி அது. இன்றே ஓட வேண்டும் என்று மேலாளர் ஹாலப்பாவின் உத்தரவு.

மாட்ட இரண்டு வழி. ஓரமாக மாட்டினால் நகல் மட்டும் வரும். பெட்டி கேட்கும், பேசாது. நடுவில் மாட்டினால் எல்லாமே அதன் வழியாகத்தான், அது விட்டால்தான் போகும். ஓரமாகத்தான் மாட்டினான். ஹெட்போனை அதில் சொருகியபோது மேசைப் போன் அடித்தது. அவன் மனைவி அனசூயா. அவனை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ரீ, ஒப்பட்டுப் போளி ஆறிப்போகுது. இன்னும் அங்க என்ன?"

"ஒரு பெட்டி மாட்டணும். பூஜைக்கு வச்சிருந்தாங்க, எடுத்துட்டேன்."

"இன்னைக்கேவா? ஆயுதத்த நாளைக்குத்தானே எடுக்கணும்! அதுல என்ன வந்து உக்காந்திருக்கோ!"

"ஹாலப்பா உக்காந்திருக்கான். போனை வை."

வைத்தாள். ஹெட்போனில் அவன் குரல் மட்டும் நிற்கவில்லை. "போனை வை... போனை... வை..." பேசிப் பழகுவதுபோல.

தூக்கம் கெட்டவன் காதில் எதுவும் விழும் என்று தேற்றிக்கொண்டான். நகல் விட்டுவிட்டு வந்தது. சரிசெய்யும் கடவுச்சொல் ஹாலப்பாவிடம். அவர் போனை எடுக்கவில்லை. சலிப்பு அவனுக்குக் கண்வரை ஏறியது. வீட்டுக்குப் போனால் போதும். கேபிளைப் பிடுங்கிப் பெட்டியை நடுவில் மாட்டினான்.

பச்சை விளக்கு எரிந்தது. மின்விசிறி நின்றது.

மேசைப் போனில் சிவப்பு விளக்கு. யாரோ பேசிக்கொண்டிருக்கும் விளக்கு. அவன் தொடவில்லை.

செல் அடித்தது. அனசூயா.

"ரீ, தெருமுனைக் கடை மட்டும் திறந்திருக்கு, அங்க நிக்கிறேன். சர்க்கரை எத்தனை கிலோ? பொண்ணு தனியா இருக்காளேன்னு வீட்டுக்கு அடிச்சா லேண்ட்லைன் பிஸி. பக்கத்து வீட்டு ஜயக்காவுக்கு அடிச்சுக் கேட்டா, சிஞ்சனா அவ அப்பாகூடப் பேசறாளாம். நீங்க என்கூடத்தானே பேசறீங்க?"

ஹெட்போனை எடுத்தான்.

அவன் குரல். அவனுடைய அதே களைப்பு.

"வாசல்லதான் நிக்கிறேன், கண்ணு. கதவைத் திற."

"எட்டலைப்பா. இருங்க, ஸ்டூல் போடறேன்."

"சிஞ்சனா! திறக்காதே!" என்று மேசைப் போனை எடுத்துக் கத்தினான். பெட்டி அதைப் போகவிடவில்லை.

ஸ்டூல் இழுபடும் சத்தம். தாழ்ப்பாள்.

"அப்பா... உங்க முகத்துல ஏன் குங்குமம் இவ்வளவு?"