இருபது குத்தகைதாரர்கள்

கைவிரல் பத்தையும் மையில் ஒற்றிப் பத்துப் படிவங்களில் கைநாட்டு வைத்தாயிற்று, இனிக் கால்விரல்தான் என்று காலை நீட்டியபோது ஹபீப் முகம்மது பார்த்தான்: பதினோராவது படிவத்தில் ஏற்கெனவே ஒரு கைநாட்டு இருந்தது. அகலமான, வெடித்த கட்டைவிரல். மை இல்லை, சேறு. தொட்டால் ஈரம்.

அய்யாக்கண்ணு, வயது ஐம்பத்திரண்டு. அந்த ஆளைக் காலையில் காபி குடித்துக்கொண்டே இட்டுக்கட்டியவன் அவன்தான்.

எம்.ஏ. கட்டுரை. குத்தகைப் பதிவுச் சட்டம் பற்றி இருபது குத்தகைதாரர்களிடம் நேர்காணல். நாளைக் காலைக்குள் பேராசிரியரிடம் கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது. போன வருடமே கோட்டைவிட்டவன். இந்த முறையும் போனால் பினாங்கில் மாமா கடைக்குக் கப்பலேறு என்று அத்தா அப்துல் வஹாப் சொல்லிவிட்டார்; ஜவுளிக்கடையில் ஒரே விலை சொல்லும் மனிதர். ஐப்பசி மழையில் எந்த வரப்பில் போய் இருபது பேரைப் பிடிப்பது? சர்வே எண்ணுக்கும் அலையவில்லை. பீரோவிலிருந்த தங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தே எழுதினான். நீடாமங்கலத்தில் வயலைத் தூர்த்துக் கட்டிய வீடு. எண் கச்சிதமாகப் பொருந்தியது.

புரட்டினான். பன்னிரண்டு, பதின்மூன்று, இருபது வரை எல்லாவற்றிலும் சேறு.

வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஆனால் மழைச் சத்தத்துக்கு அடியில், கூடத்திலிருந்து மாடுகளின் கனத்த மூச்சும், நுகத்தடி முனகுவதும், அழுகிய தழையுரத்தின் புளித்த வாடையும் கதவிடுக்கு வழியாக மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

கதவைத் திறந்தான்.

சிமெண்டுத் தரை இல்லை. கூடம் முழுக்கச் சேறு. சாயங்கால மங்கலில் குனிந்த முதுகுகள்.

"எந்த நெலம்னு சரியாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி," என்றார் முன்னால் நின்றவர், ஏரை விடாமல். முகம் இருட்டாக இருந்தது.

"இது வீடுங்க. நம்பர் தப்பாப் போட்டுட்டேன். வேற நம்பர் போட்டுத் தர்றேன், பாதகமில்லாம முடிச்சுக்கலாம்."

"உழுதாச்சே. பதிஞ்ச குத்தகைக்காரனை யாரும் வெளியேத்த முடியாதுன்னு நீங்கதான எழுதினீங்க, மூணாம் பக்கத்துல."

கிழித்துப் போடலாம். போட்டால் நாளைக்கு என்ன கொடுப்பது? யோசித்தான். செத்த ஆளும் கணக்கில் இருபதில் ஒருவர்தானே; வீடும் காலியாகும். பேனாவை எடுத்தான். அய்யாக்கண்ணு: இறந்துவிட்டார்.

கூடத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

காத்தான்: இறந்துவிட்டார். தொப். மருதையன். தொப். தங்கையன். "தம்பி, வேணாம்," என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். எழுதினான். தொப். நிற்கவில்லை. இருபதும்.

மழை மட்டும்.

பிறகு கொல்லைக் கதவு திறந்தது.

பெண்கள். அவிழ்ந்த தலை. இடுப்பில் குழந்தைகள். கையில் நாற்றுமுடிகள்.

"நான் அம்சம். அய்யாக்கண்ணு பொஞ்சாதி," என்றாள் முதலில் வந்தவள். அப்படி ஒருத்தியை அவன் இட்டுக்கட்டவே இல்லை. "அவரு போனா பாத்தியதை எங்களுக்குத்தான தம்பி. உழுதுட்டுப் போயிட்டாங்க. நடவு எங்க வேலை."

வரிசை கட்டிக் குனிந்தார்கள். பின்னோக்கி நட்டுக்கொண்டே அவன் அறைக்குள்ளும் வந்தார்கள். நாற்காலிக்கு அடியில். பாயில். சுவர்வரை. ஓட நினைத்தான். கால் சேற்றில் முழங்கால்வரை புதைந்திருந்தது.

அவன் நின்ற இடம் மட்டும் மிச்சம்.

அம்சம் திரும்பினாள். ஒரு நாற்றைப் பிரித்தாள். அவன் தொடையில் விரலை வைத்து அழுத்தினாள்.

வலிக்கவில்லை. நன்றாக உழுத சேற்றில் இறங்குவது போல, விரல் மூன்று கணுவும் உள்ளே இறங்கியது.