பழைய முறையில் அனுப்பப்பட்டது

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், குட்டி தன் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் பார்வையை அளந்து சொல்கிற வேலை அவளுக்கு. தலையில் நரை விழத் தொடங்கிவிட்டது. வீட்டில் இன்னும் அவள் பெயர் குட்டிதான்.

கையில் மடித்துக் கொண்டுவந்திருந்த பெரிய காலிப் பையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்கத்தான் அந்தப் பை. அம்மாவுக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனாலும் வைத்தாள்.

அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது.

"காலைத் துடைச்சிட்டு வா. தரையெல்லாம் ஈரமாகும்" என்றாள். பிறகு, கடையில் காய்கறி விலை கேட்பது போலக் கேட்டாள்.

"ஏண்டி, அந்த ஹோம்ல என் கட்டில் ஜன்னல் பக்கமா, சுவத்துப் பக்கமா?"

குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மா இரண்டு முறை அடுப்பை அணைக்காமல் விட்டாள். ஒரு முறை குளியலறையில் விழுந்து, பால் கொண்டுவருகிறவர் வரும்வரை அங்கேயே கிடந்தாள். இனி தனியாக விட முடியாது. அண்ணன் வீட்டில் ஏற முடியாத செங்குத்துப் படி. குட்டி இருப்பதோ ஒரே அறை. ஆகவே முதியோர் இல்லம். அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணன், அண்ணி, குட்டி மூன்று பேரும் போனில் குரூப் மெசேஜாக மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

"யாரும்மா சொன்னாங்க?"

"உங்கப்பாதான்."

அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

குட்டி பின்கட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அண்ணிதானே போட்டுக் கொடுத்தது?"

எதிர்முனையில் அண்ணியின் குரலே வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது. "நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தையே நல்லநாள் கெட்டநாள்லதான். நீங்கதான் வாய் தவறி உளறியிருப்பீங்க."

"சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க" என்றான் அண்ணன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி போன் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். "எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு குட்டி. இப்போ மெசேஜெல்லாம் புது முறைக்கு மாறிடுச்சு. படிச்சாச்சான்னு தெரியும், எழுதிக்கிட்டு இருக்காங்களான்னு தெரியும். நமக்குள்ள மட்டும்தான்னு ஒரு பூட்டுப் படமும் வரும். நம்ம குரூப்ல மட்டும் அந்தப் பூட்டே வரலை, பாத்தியா? ஒருத்தர் பழைய போன்ல இருந்தாலும் மொத்தக் குரூப்பும் பழைய முறைக்கு இறங்கிடும்."

"நம்மகிட்ட எல்லாமே புது போன்தானே?"

"உறுப்பினர் பேரைப் பாரு."

பார்த்தாள். அண்ணன். அண்ணி. அவள். நான்காவதாக, 'அப்பா'.

அந்த குரூப் அப்பா இருந்தபோது தொடங்கியது. அவர் எண்ணை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு மறந்தும் போனார்கள்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குக் குரல் கிடையாது. ஒரு பட்டன் போன்தான் அவருக்கு வாய். வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார். பட்டன் சத்தத்தைக் கேட்டே அவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். சம்மதம் என்றால் 'ம்' என்று ஒரே எழுத்து அனுப்புவார். விடுவிடுவென்று சில தட்டு, ஒரு இடைவெளி, புள்ளிக்காகக் கடைசியில் ஒரு தட்டு. சம்மதம் இல்லையென்றால் ஒன்றும் வராது. அவர் 'ம்' போடாததால் நின்றுபோன கல்யாணம் ஒன்று உண்டு. அது குட்டியினுடையது.

"அப்பா நம்பரை வேற யாருக்காவது கொடுத்திருப்பாங்களா?" என்றாள். "எவனோ ஒருத்தன் நம்ம வீட்டு விஷயத்தையெல்லாம் படிச்சிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா மாதிரி..."

சொல்லும்போதே உடம்பு கூசியது.

அண்ணன் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தான். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னதாம்.

கூடத்துக்கு வந்து கேட்டாள். "அம்மா, வீட்டுப் போன்ல யாராவது பேசினாங்களா?"

"அந்த மணி அடிச்சு எத்தனை நாளாச்சு! நீங்கதான் பெத்தவளுக்குப் பேசுறதை விட்டுட்டு ஒருத்தருக்கொருத்தர் தட்டிக்கிட்டே இருக்கீங்களே."

அண்ணன் உடனே புதிதாக ஒரு குரூப் தொடங்கினான். மூன்றே பேர். திறந்தவுடன் மேலே சின்னதாக ஒரு பூட்டு விழுந்தது. குட்டிக்கு மூச்சு வந்தது.

அம்மாவின் துணி இருந்த உள்ளறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். 'நாளைக்குக் காலையில் காரைக் கொண்டு வா. கண் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவிடலாம். அங்கே போனபிறகு தெரிந்தால் போதும்.'

அனுப்பினாள்.

பூட்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

மெசேஜுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. 'இந்தக் குழுவில் ஒருவருக்குப் புதிய வசதி இல்லை. செய்தி பழைய முறையில் அனுப்பப்பட்டது.'

உறுப்பினர் பட்டியலைத் திறந்தாள். மூன்று பேர்தான்.

மழை நின்றிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம்கூட இல்லை.

கட்டிலின் மறு ஓரம் மெல்ல அமிழ்ந்தது.

கிராம்பு வாசனை.

டிக் டிக் டிக் டிக்.

குட்டி திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று முதுகு சொன்னது. தட்டுகிற சத்தம் நின்று, தொடங்கி, நீண்டுகொண்டே போனது. கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"டாக்டர்னு பொய் சொல்லியாடி கூட்டிட்டுப் போவீங்க?"

திரும்பாமலே எழுந்தாள். எதிரில் இருந்த அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் பட்டன் போன் அண்ணன் வைத்த இடத்திலேயே இருந்தது. பேட்டரி தனியாக. சிம் இருந்த பள்ளம் வெறுமையாக. எல்லாவற்றின் மேலும் கலையாத தூசி.

பின்னால் டிக் டிக் நின்றிருந்தது. யாரோ பதிலுக்குக் காத்திருப்பது போன்ற ஒரு மௌனம். இந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானது. ஒரு கல்யாணத்துக்காக நாள்கணக்கில் இதே அறை வாசலில் இதைக் கேட்டபடி நின்றிருக்கிறாள்.

விரல் தானாக எழுதியது. 'அம்மா எங்கேயும் போக வேண்டாம். இந்த வீட்டிலேயே இருக்கட்டும். நான் வந்து கூட இருக்கிறேன்.'

விடுவிடுவென்று சில தட்டு.

ஒரு இடைவெளி.

ஒரு தட்டு.

"ம்னுட்டார்" என்றாள் அம்மா கூடத்திலிருந்து. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "விளக்கைப் போடு. இருட்டிக்கிட்டு வருதில்ல?"

மறுநாள் காலை, தன் சாமான்களை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் குட்டி பஸ் ஏறினாள். அம்மா வாசல்வரை வந்து, அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்து அனுப்பினாள். பஸ்ஸில் நல்ல வெயில். முன் சீட்டில் ஒரு குழந்தை பிஸ்கட்டை உதிர்த்துக்கொண்டிருந்தது. பாலத்தைக் கடந்து, வீடு இருந்த பக்கமே கண்ணுக்கு மறைந்தபிறகு, நேற்று நடந்ததெல்லாம் தூக்கமில்லாத மூளையின் வேலை என்று தோன்றத் தொடங்கியது. அம்மா மகா கெட்டிக்காரி. காது கூர்மை. யார் கண்டது, அண்ணியே ஏதாவது...

போனை எடுத்தாள். அண்ணனோடு தனியாகப் பேசுகிற இடம். மேலே பூட்டு விழுந்திருந்தது. இருவருக்கு மட்டும்.

'அண்ணா, நேற்று நான் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. சும்மா சொன்னேன். ஒரு மாதம் போகட்டும். அப்புறம் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிடலாம்.'

கட்டைவிரலை எடுப்பதற்குள் பூட்டு மறைந்தது.

'செய்தி பழைய முறையில் அனுப்பப்பட்டது.'

பழைய முறையில் அதுதான் சங்கடம். போய்ச் சேர்ந்ததா, படித்தாயிற்றா, யார் படித்தார்கள், எதுவும் தெரியாது. காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

குட்டி காத்திருந்தாள்.

'ம்' வரவில்லை.

ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. வரவில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் போன் அடித்தது. வீட்டு எண். பொத்தான்களைத் தடவித் தடவி அம்மா தானே அடித்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"என்னடி எழுதின இப்போ?" என்றாள் ரகசியமாக. "ஒண்ணுமே தட்டல. அப்படியே எழுந்து வெளிய போயிட்டார். செருப்புகூட மாட்டிக்கல."