மாப்பிள்ளைக்குத் தலை இல்லை

"ஐயோ... தலை போச்சே!"

அந்த அலறலில் கோட்டைக்குப்பமே ஒரு நொடி மூச்சை நிறுத்தியது.

தகரக் கொட்டகைக்குள், இரும்பு மேஜைமேல் மல்லாந்து கிடந்தான் பிரவீன். பட்டு வேட்டி. மார்பில் ரோஜா மாலை. மாலைக்கு மேலே... ஒன்றுமே இல்லை!

தலை தனியாகத் தரையில் கிடந்தது. சிரித்த முகத்தோடு!

ரத்தம்? ஒரு சொட்டுக்கூட இல்லை. சுற்றிலும் மரத்தூள்தான்.

பதறாதீர்கள். அசல் பிரவீன் பொன்னேரியில் ஃபேஷியல் செய்துகொண்டிருக்கிறான். செத்தது தேக்குப் பிரவீன்!

அலறியவள் கோமளா. கொட்டகைக்கு முதலாளியும் அவளே, மிஷினை ஓட்டுகிறவளும் அவளே. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் அது. போன மாதம்தான் அதற்கு டூல் சேஞ்சர் மாட்டியிருந்தாள். ஓரத்தில் வரிசையாக எட்டுக் கிளிப்புகள். கிளிப்புக்கு ஒரு கட்டர். எந்தக் கட்டர் வேண்டுமோ, மிஷினே நகர்ந்து போய் எடுத்து மாட்டிக்கொள்ளும்.

வாசலில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் கலைவாணி குதித்து இறங்கினாள். நாளைக் காலை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, மேஜைமேல் கிடப்பவர்தான்!

"யாரு கோமளா... யாரு இவர வெட்னது?"

"மிஷினுதான் மேடம்!"

"நேத்து மூக்கு. இன்னிக்குத் தலை. மிஷினுக்கும் இவருக்கும் இன்னா முன்விரோதம்?"

கோமளா கையைப் பிசைந்தாள். புது வீட்டு வாசல் கதவில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகச் சிரிக்க வேண்டும் என்பது கலைவாணியின் வருங்கால மாமியாரின் ஆசை. அந்த அம்மாவோ, தும்மல் கேட்டாலே பயணத்தை ரத்து செய்கிற ரகம். பெண்ணின் பலகை பழுதில்லாமல் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பலகைதான் இரண்டாவது தடவையாகப் பாழ்!

"சாயங்காலம் அத்தை கதவைப் பாக்க வருவாங்க. தலை துண்டாச்சுன்னு தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க கோமளா! முப்பத்தி நாலு வயசாவுது எனக்கு. இவரத்தான் மனசாரப் புடிச்சிது..."

போலீஸ் குரல் உடைந்தது. ரவுடிகளை ஓட ஓட விரட்டியவளின் கண்கள் கலங்கின.

"இன்னும் ஒரே ஒரு பலகை கீது மேடம். ஆனா, காரணம் தெரியாம மிஷின ஆன் பண்ண மாட்டேன்."

கலைவாணி கண்ணைத் துடைத்தாள். சாக்பீஸை எடுத்துத் தேக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். விசாரணை ஆரம்பம்!

"யார் மேல சந்தேகம்?"

"மொதல்ல காத்து மேல."

"காத்து மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாது!"

"கம்ப்ரசர் காத்துதான் மேடம் கட்டர வுட வைக்குது. காத்து கொறஞ்சா பழசையே புடிச்சிகினு போய் வெட்டும்."

கோமளா மீட்டரைப் பார்த்தாள். காற்று சரியாக இருந்தது.

"உப்புக் காத்துல துரு ஏறினா கட்டர் கோணலா ஒக்காரும்."

கட்டர் உட்காரும் குழியைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். பளபளப்பு!

மூன்றாம் நம்பரை எடு என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். மிஷின் நேராக மூன்றாவது கிளிப்புக்குப் போனது. 'டஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. கட்டரைக் கவ்விக்கொண்டு வந்தது. ஒரு குறையும் இல்லை.

கோமளா அந்தக் கட்டரை உற்றுப் பார்த்தாள்.

முகம் வெளுத்தது!

"மேடம்... மூணாவது எடத்துல அஞ்சாம் நம்பர் கீது! எட்டுமே ரெண்டு எடம் தள்ளிக் கீது!"

"அதனால?"

"மிஷினுக்குக் கண்ணு கெடையாது. மூணாவது கிளிப்புல குட்டிக் கட்டர் கீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அத நம்பி எடுத்துகினு போவுது. இது ரெண்டு விரக்கடை நீளம் ஜாஸ்தி... பலகையவே தொளச்சிடுச்சு!"

"அப்ப... யாரோ மாத்தி வெக்கிறான்!"

"நேத்து சாப்பிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணேன்... மூக்கு போச்சு. அதோட நிறுத்திட்டேன். இன்னிக்கு டீ குடிச்சிட்டு வந்து பண்ணேன்... தலை!"

"நீ வெளிய போறப்பல்லாம் வர்றான்... ஒவ்வொரு எடமா தள்ளி வெக்கிறான்... ம்!"

கலைவாணி வாசலுக்குப் பாய்ந்தாள். அங்கே கோமளாவின் அப்பா மாசிலாமணி வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். இந்த வாரம் ஏரியில் மீன் பிடிக்க அவருக்கு முறை இல்லை. அதனால் இரண்டு நாளாகக் கொட்டகையில்தான் பொழுது போகிறது.

"பெரியவரே, உள்ள யாராவது போனாங்களா?"

"என்ன வுட்டா ஒருத்தரும் போவலம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிதான் சொல்றேன். நான் மட்டுந்தான் போனேன்."

கலைவாணி உதட்டைப் பிதுக்கினாள். "இந்த சாட்சியால ஒரு பிரயோஜனமும் இல்ல!"

பொறி வைத்தார்கள்.

"நைனா, சாப்பிட்டு வரேன்!" என்று கத்திவிட்டு முன்வாசலால் போன கோமளா, பின்வாசலால் உள்ளே வந்தாள். இருவரும் பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

கதவு முனகியது.

காலடிச் சத்தம்... நெருங்கியது...

ஒரு கை கட்டரை நோக்கி நீண்டது!

"அசையாத! சுட்டுருவேன்!"

"இரும்மா, இந்த ஒண்ண மட்டும் வெச்சிட்டு வரேன்" என்றார் மாசிலாமணி.

"நைனா! நீயா?"

"அப்பவே சொன்னேனே!"

"இன்னாத்துக்கு நைனா?"

"பின்ன இன்னாம்மா அநியாயம் இது? எட்டுப் பேர் நிக்கிறானுங்க. மொத எடத்துல நிக்கிறவனுக்கே ஓயாத வேல. கடேசில நிக்கிறவன் சும்மாவே தொங்குறான். நம்ம ஏரியில அப்டி வுடுவோமா? இன்னிக்கு ஒனக்குப் பாடு, நாளிக்கு எனக்குப் பாடு. மொற மாறுனாத்தானே நியாயம்!"

மீன் நிறைய விழும் இடங்களில் முறைவைத்து வலை போடுவதுதான் பாடு. ஊரில் அந்த முறையைப் பிசகாமல் நடத்தி வைப்பவர் மாசிலாமணி. யாரும் கேட்காமலே கட்டர்களுக்கும் நியாயம் வழங்கிவிட்டார்!

கலைவாணி துப்பாக்கியை உறையில் போட்டாள். "இதுக்கு எந்த செக்ஷன்லயும் இடமில்ல கோமளா. நீ பலகைய ஏத்து!"

கோமளா எட்டுக் கட்டர்களையும் அதனதன் இடத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றின் நீளத்தையும் மிஷினுக்குப் புதிதாக அளந்து காட்டினாள். நைனாவை ஸ்டூலில் உட்காரவைத்து, மடியில் மொத்த வலையையும் போட்டாள்.

மூன்றாவது பலகை.

ஸ்டார்ட்!

மூக்கு வந்தது... உடையாமல் நின்றது! கழுத்து வந்தது... அதுவும் நின்றது! கடைசியாகப் புன்னகையும் வந்துவிட்டது.

"அப்படியே அவரு!" கலைவாணி சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போது வாசலில் பைக் சத்தம். அசல் பிரவீனேதான்! தான் வருவதற்குள் கதவைப் பார்த்துவிட்டு வரும்படி அவன் அம்மா அனுப்பியிருந்தாள்.

நுழைந்தவன் அப்படியே உறைந்தான். சுவரில் தலையில்லாத தேக்குப் பலகை சாய்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி சாக்பீஸ் வட்டம். பக்கத்தில் யூனிபார்மில் மணப்பெண்!

"க... கலை... இது நானா?"

"நீங்கதான். இன்னிக்குப் பூரா உங்க கேஸ்தான் பாத்தேன். எல்லாம் தெரிஞ்சு போச்சு!" சிரித்தபடிதான் சொன்னாள்.

பிரவீனின் ஃபேஷியல் முகத்தில் வியர்வை வழிந்தது. தொப்பென்று மரத்தூளில் மண்டியிட்டான்.

"மஞ்சு சொல்லிட்டாளா?"

கலைவாணியின் சிரிப்பு நின்றது.

"எந்த மஞ்சு?"

"அனுப்பம்பட்டுல... என் சம்சாரம். தாலி கட்டி ரெண்டு வருஷம் ஆவுது. அம்மாவுக்குத் தெரியாது. தலைய மட்டும் எடுத்துடாத கலை!"

மாசிலாமணியின் வலை ஊசிகூட நின்றுவிட்டது.

கலைவாணிக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. மேஜைமேல் புன்னகைக்கும் தேக்கு முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கைக்குட்டையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"இதுக்கு செக்ஷன் இருக்கு!"

விலங்கு 'க்ளிக்'கென்றது.

"கலை... சொந்தக்காரங்க எல்லாம் மண்டபத்துக்கு வந்துட்டாங்க..."

"அதான் சொல்றேன், மாப்பிள்ளை அழைப்ப இப்பவே நடத்திடலாம்... ஏறுங்க ஜீப்புல!"