செவ்வாய்க்கிழமை மொட்டை

திருத்தணி மலையடிவாரத்தில், குளத்துக்குப் போகும் சந்தில் இருக்கிறது என் கடை. எல்லப்பன் சலூன் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் பூட்டிக் கிடக்கும். அன்று கடை திறந்தால் எங்கள் முடிதிருத்துவோர் சங்கத்தார் சும்மா விடமாட்டார்கள். மலைமேல் முடி இறக்கும் மண்டபத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, கடைக்காரர்களுக்கு உண்டு.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, என் மகள் கயல்விழி கனகம்மாசத்திரத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பேரன் இளம்பரிதிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. டாக்டர்களைப் பார்த்து ஓய்ந்தபின் முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டிருந்தாள்.

"மேல காவடிக் கூட்டம் நெரியுது நைனா. புள்ளைக்கு உடம்பு வேற சுடுது. நீயே மொட்ட அடிச்சுடேன்."

"இன்னிக்கி செவ்வாக்கெழம மா. நாளைக்கி அடிக்கறேன்."

"நாளைக்கி அவரு வேலைக்கிப் போவணும், நான் இன்னிக்கே திரும்பணும். ஷட்டரை பாதி எறக்கி வெச்சுகினு அடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் இன்னொருவன் இதையேதான் சொன்னான்.

கயல்விழி கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். பேரனுக்குக்கூடக் கிழமை பார்க்கிறாயா என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பூட்டைத் திறந்தேன்.

உள்ளே பகலிலேயே இருட்டு. படிகாரமும் ஈரத் துண்டும் கலந்த வழக்கமான வாடை. அதற்கு மேல் இன்னொரு வாசனை.

"பழம் வாங்கி வெச்சு மறந்துட்டியா நைனா? வாசன தூக்குது."

கனிந்த வாழைப்பழ வாசனை. என் கடையில் பழம் இல்லை. வீட்டிலும் பல வருடமாக வாழைப்பழம் வாங்குவதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவன் பெயர் குமரவேல். பள்ளிப்பட்டு நெசவாளி. மகனுக்குக் காமாலை இறங்கியதற்கு முடி கொடுக்க வந்தான். அன்றும் செவ்வாய்க்கிழமை, அன்றும் மேலே கூட்டம். "சீக்கிரம் அண்ணா, நாலு மணிக்கு பஸ்ஸு" என்று கெஞ்சினான். அவன் சொன்னபடியே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மொட்டை அடித்தேன். உச்சந்தலையில் பிறை போல ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் தறியில் ஓடும் நாடாக் கட்டை தெறித்துப் பட்டது என்று சொல்லிச் சிரித்தான்.

அதே நேரத்தில் பள்ளிப்பட்டில் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். செத்தவருக்கும் குமரவேலுக்கும் பழைய தகராறு. போலீஸ் இவனைப் பிடித்தது. அந்த நேரத்தில் எல்லப்பன் கடையில் இருந்தேன் என்று இவன் சொல்ல, என்னிடம் விசாரிக்க வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததற்காகச் சங்கம் ஏற்கெனவே இரண்டு முறை என்னைப் பிடித்திருந்தது. மூன்றாவது முறை என்றால் கடையையே மூட வைத்துவிடுவார்கள். கயல்விழி அப்போது தாய் வயிற்றில்.

"செவ்வாக்கெழம நான் கடையே தெறக்கலீங்க. புதங்கெழமதான் வந்தாரு" என்றேன்.

வேறு யாராவது அவனைப் பார்த்திருப்பார்கள், எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். கூண்டில் நின்றவன் என்னைத் திட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். கொலை செய்துவிட்டு ஆள் அடையாளம் தெரியாமலிருக்க மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டான் என்று தீர்ப்பு எழுதினார்கள். மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் தள்ளுபடி. தூக்கில் போட்டுவிட்டார்கள்.

பிறகொரு நாள், என் கடைக்குச் சவரம் செய்துகொள்ள வந்த ஓய்வுபெற்ற ஜெயில் வார்டர் ஒருவர் சொன்னார். தூக்குக் கயிறு வழவழப்பாக இருக்கக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து தேய்ப்பார்களாம்.

அந்த வாசனைதான் என் கடைக்குள் இருந்தது.

கயல்விழி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, தலையை நனைத்துக் கத்தியை வைத்தேன். பாதித் தலை ஆகும்வரை ஒன்றுமில்லை. உச்சிக்கு வந்தேன்.

பிறை போல ஒரு தழும்பு.

"இது எப்ப பட்டுது?" என்றேன்.

"எது? அங்க ஒண்ணும் இல்லியே நைனா."

அப்போது பிள்ளை வாயைத் திறந்தான்.

"சீக்கிரம் அண்ணா. நாலு மணிக்கு பஸ்ஸு."

கயல்விழிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பேசறான் நைனா, எம்புள்ள பேசறான்" என்று அவனை முத்தமிட்டாள். முருகா முருகா என்று அழுதாள். நான் கண்ணாடியில் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி இறுகிக்கொண்டிருந்தது.

முடிச்சில் விரலை விட்டேன். நுழையவில்லை. கத்தியால் அறுத்தேன். துணியைக் கிழித்துக்கொண்டு கத்தி ஓடியது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளையின் உதடு நீலமாயிற்று. கயல்விழி என் கையைத் தள்ளிவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஒரு நிமிஷம்.

தரையில் விழுந்தேன். "செவ்வாக்கெழமதான் வந்தான். எங்கையாலதான் மொட்ட அடிச்சேன். நான் பொய் சொன்னேன், குமரவேலு. கொழந்தைய உட்டுடு" என்று கதறினேன். எல்லாவற்றையும் என் மகள் முன்னால் சொன்னேன்.

துணி தானாக அவிழ்ந்து விழுந்தது.

கயல்விழி பிள்ளையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அரை மொட்டையோடு அப்படியே போய்விட்டாள்.

மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். "செத்தவன எழுப்பியா விடுதல பண்ணுவாங்க? போய் வேலையைப் பாரு பெரியவரே" என்றார். பள்ளிப்பட்டில் குமரவேலின் மனைவியும் மகனும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்குக் கயல்விழியிடமிருந்து போன். பிள்ளையின் கழுத்தில் துணியே இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது என்றாள். அவளிடமே என் பொய்யை மறுபடி ஒப்புக்கொண்டு சொன்னேன், பலனில்லை. சந்தில் நின்றிருந்த ஆட்டோக்காரரைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும் பிள்ளைக்கு மூச்சு வந்துவிட்டது என்று கயல்விழி போனில் கத்தினாள்.

கேட்டவருக்கே திரும்பச் சொன்னால் செல்லாது. புதிய ஆள் வேண்டும். முழுவதும் கேட்க வேண்டும். இப்படி ஒவ்வொரு செவ்வாயும் ஒருவர். டீக்கடையில், பஸ் நிலையத்தில், மலைப்படியில் காலைப் பிடித்துச் சொன்னேன். இப்போது என்னைக் கண்டாலே பைத்தியம் என்று விலகிப் போகிறார்கள். போன வாரம் ஒருவர் பாதியில் எழுந்துவிட்டார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மீட்டார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். யாராவது ஒருவர் கடைசிவரை படித்தால் போதும். எழுதுவதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, கயல்விழியிடமும் சொல்லவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. மணி மூன்று ஐம்பது. கடைக்குள் வாழைப்பழ வாசனை. போன் அடிக்கிறது, கயல்விழியின் நம்பர். எடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு வாயே திறக்காத பிள்ளைதான் பேசினான்.

"படிச்சுட்டாங்களா அண்ணா?"