கொண்டைக்குருவி போட்ட சிவப்பு எச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மணியம்மா மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில் ஷஹாபுதீனின் சாப்பாட்டுக் கடைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சுபத்ராக்கா, என் ஜம்புல் ரத்தமா கழியுதாம்! போட்டியில இருந்து தள்ளப் போறாங்க!"

ஜம்புல் என்பது மணியம்மா வளர்க்கும் கொண்டைக்குருவி. சுபத்ரா தேநீரைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் ஊராரின் மலத்தைச் சோதித்து ஓய்வு பெற்றவர் அவர். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களும் சிக்கல் என்று வந்தால் அவரைத்தான் தேடுவார்கள். அதற்குள் ஷஹாபுதீன் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு வாசலுக்கே போய்விட்டார். துப்புத் துலக்குவது என்றால் அவருக்குக் கடையாவது, ரொட்டியாவது!

பக்கத்துத் திடலில் குருவிப் பாட்டுப் போட்டிக்காக நாற்பது கூண்டுகள் தொங்கின. மூன்று வருஷமாகக் குணாளனின் குருவி முதலிடம், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மணியம்மாவின் குருவி இரண்டாமிடம். இந்த வருஷம் அது மாறும் என்று ஊரே பேசிக்கொண்டது. நடுவர் பழனியப்பன் கையில் அட்டையோடு நின்றார். அதில் நோய்ப் பறவை என்று எழுதிவிட்டால் ஜம்புல் இனி எந்தத் திடலிலும் பாட முடியாது.

"விஷம் வச்சிருக்காங்கக்கா, சத்தியமா!" என்றார் ஷஹாபுதீன்.

"கொஞ்சம் பொறுங்க பாய்."

குணாளன் ஜாக்கெட் பைக்குள் கைகளை விட்டபடி வருத்தமாகத் தலையசைத்தான். "பாவம்லா. கீழ ரிங்லெட்ல, அக்கா வீட்டு வாசல்ல என் லோரியில கூண்ட ஏத்துறப்ப, ஏழு மணிக்கே பார்த்தேன். அப்பவே செவப்பாத்தான் போட்டுச்சு. அக்கா மனசு ஒடைஞ்சிடும்னு சொல்லல."

சுபத்ரா கூண்டின் அடித்தட்டை உருவி, அதில் விரித்திருந்த செய்தித்தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தப் பேப்பர எப்பப் போட்டீங்க?"

"விடியக்காலையில. போட்டி நாள்ல குருவி பாடி முடிக்கிற வரைக்கும் பேப்பர மாத்த மாட்டோம்க்கா. மாத்துனா ராசி போயிடும்."

"என்ன தின்னுச்சு?"

"ஆறரைக்குப் பப்பாளி. அப்புறம் ஒன்னும் குடுக்கல. எட்டு மணிக்கு இங்க வந்தோம். எட்டேகாலுக்கு இந்தக் குணாளன் தம்பிகிட்ட கூண்டப் பார்க்கச் சொல்லிட்டு நம்பர் வாங்கப் போனேன். திரும்பி வந்து கூண்டு மேல போட்டிருந்த துணிய எடுத்தா, எல்லாம் செவப்பு."

சுபத்ரா நிதானமாக எல்லோரையும் அழைத்தார். எச்சத்தைப் பார்க்க இவ்வளவு கூட்டம் அந்தத் திடலில் அதுவரை கூடியதில்லை.

"பழனியப்பன் அண்ணே, ரத்தம் காயக் காயப் பழுப்பாகும். இது ஓரம் காஞ்ச பிறகும் ரோஸா பளபளன்னு இருக்கு. எச்சத்துல மாவு மாதிரி வெள்ளையா ஒன்னு இருக்கும், அது குருவியோட மூத்திரம். ஈரல் கெட்டா அதுதான் பச்சையாகும், மஞ்சளாகும். இங்க சுத்த வெள்ளையா இருக்கு. எள்ளு மாதிரி இந்தக் கறுப்பு விதையும் பாருங்க. குருவிக்கு ஒரு நோயும் இல்ல. செவப்பு டிராகன் பழம் தின்னிருக்கு."

"யாரு குடுத்தா?" என்று துள்ளினார் ஷஹாபுதீன்.

"அத எச்சமே சொல்லுது பாய். பழம் தின்கிற குருவிக்கு அரை மணி நேரத்துல வெளிய வந்துடும். ஆறரைக்குத் தின்ன பப்பாளி ஏழு மணிக்கு ஆரஞ்சா வந்திருக்கு. இதோ அடியில, காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. செவப்பெல்லாம் அதுக்கு மேல, இன்னும் ஈரமா இருக்கு. ஏழு மணிக்கே செவப்பா போட்டிருந்தா செவப்பு அடியிலல்ல இருக்கணும்?"

கூட்டம் குணாளனைத் திரும்பிப் பார்த்தது.

"நோய் வீட்டுலயே வந்ததுன்னு காட்டணும், அதான் ஏழு மணின்னு சொன்னீங்க தம்பி. பேப்பர மாத்தியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. அது ராசியில்லன்னு நீங்களும் விட்டுட்டீங்க. எங்க, கையக் காட்டுங்க."

அவன் கை வெளியே வரவில்லை. ஷஹாபுதீன் உரிமையோடு இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். பத்து நகங்களின் ஓரமும் மருதாணி வைத்த மாதிரிச் சிவந்திருந்தது.

பழனியப்பன் அப்படியும் விடவில்லை. "கண்ணால பார்த்தாத்தான் நான் நம்புவேன்" என்றார். "சரி" என்று சுபத்ரா கூண்டில் புதுத் தாள் விரித்துப் பப்பாளித் துண்டை வைத்தார். நாற்பது பேரும் நடுவரும் ஒரு குருவியின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் இரண்டு தடவை, வயிற்றில் மிச்சமிருந்த வெளிர் சிவப்பு. மணியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. இருபத்தெட்டாவது நிமிஷம் ஜம்புல் வாலைத் தூக்கியது. ஆரஞ்சு!

திடலே விசிலடித்தது. பழனியப்பன் கையிலிருந்த நோய் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குணாளனின் கூண்டை இறக்கச் சொன்னார்.

"வேணாம் அண்ணே" என்றார் மணியம்மா. "அது குருவி, அது என்ன தப்பு செஞ்சுச்சு? பாடட்டும். அதையும் ஜெயிச்சாத்தான் நான் ஜெயிச்ச மாதிரி."

இரண்டு கூண்டுகளும் பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் ஏறின. குணாளனின் குருவி உண்மையிலேயே நன்றாகப் பாடியது. ஜம்புல் அது முடிக்கும் வரை காத்திருந்து, கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, விடாமல் பதினோரு தடவை பாடியது. முதல் பரிசுக்கு மணியம்மாவின் பெயரை வாசித்தபோது கைதட்டாமல் இருந்தது குணாளன் ஒருவன்தான்.