ஜெசிந்தா வாரித் தூற்றிய மண்

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு திரும்பிய ஜெசிந்தாவுக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். ஈரக் கோணியைத் தரையில் இழுப்பதுபோல் ஓர் இழுவை, சற்று நிறுத்தம், மறுபடியும் இழுவை. மாடிப்படிப் பக்கமிருந்து வந்தது. கூடையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். நெத்திலி வந்துகொண்டிருந்தது.

பதின்மூன்று வயதுப் பூனை. புருஷன் செத்த பிறகு அந்த ஒற்றை அறையில் அவளோடு மூச்சுவிட்ட ஒரே உயிர். விடிகாலையில் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வழியனுப்பியது. இப்போது முன்கால்களால் தரையைப் பிறாண்டி, பின்னுடம்பைத் தன்னுடையதே அல்லாததுபோல் இழுத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்து மூச்சிரைத்தது. பின்பாதங்களைத் தொட்டாள். ஐஸில் கிடந்ததுபோல் ஜில்லிட்டிருந்தன.

மாடியில் மதிவாணன் குடியிருந்தான். மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். போன வாரம்தான், "உங்க பூனை இன்னொரு வாட்டி மேல வந்துச்சுன்னா காலை உடைச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தான்.

அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வாசல் பூந்தொட்டியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு படியேறினாள்.

"வாயில்லா ஜீவன்டா அது! உனுக்கு இன்னா பண்ணுச்சு?"

"சத்தியமா நான் தொடவே இல்லீங்க." மதிவாணன் கதவைப் பிடித்தபடி நின்றான். "அன்னிக்கு ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்..."

மண்ணை அவன் வாசலில் வாரித் தூற்றினாள். "வயிறெரிஞ்சி சொல்றேன். அது எப்டி இழுத்துக்கினு வந்துச்சோ, அப்டியே உன் வூட்ல ஒவ்வொருத்தரும் இழுத்துக்கினு வந்து என் வாசல்ல வுழணும்!"

அவன் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க அவள் நெஞ்சு குளிர்ந்தது.

அடையாறில் கால்நடை டாக்டர் மேகலா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"யாரும் அடிக்கலம்மா. எலும்புல ஒரு கீறல்கூட இல்ல. இதயத்துல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி பின்காலுக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. வயசான பூனைங்களுக்கு திடீர்னு இப்படி ஆகும்."

"மேல்வூட்டு ஆளு..."

"இதுல யார் மேலயும் தப்பில்லம்மா."

மருந்து போட்டும் பிழைக்கவில்லை. நெத்திலி அந்த மேசையிலேயே அடங்கியது.

துண்டில் சுற்றி, மடியில் வைத்து, ஆட்டோவில் வந்தாள். அவன் சொன்னது நிஜம். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கலாம். நாளைக்குக் கேட்கலாம். காலை உடைப்பேன் என்று சொன்ன வாய்தானே, இன்றைக்கு ஒரு பொழுது பயந்து கிடக்கட்டும்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. கடல் காற்று ஜன்னல் திரையை உப்பவைத்து உப்பவைத்து விட்டது. துண்டிலிருந்து ஆஸ்பத்திரி மருந்து வாசனையும் அதற்கடியில் நனைந்த ரோமத்தின் வாசனையும் எழுந்து அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தன. அப்போது தலைக்கு மேல், கூரைக்கு அந்தப் பக்கம், கனமான ஏதோ தொப்பென்று விழுந்தது.

பிறகு இழுவை. நிறுத்தம். இழுவை.

அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவள் கண்கள் அந்தச் சத்தத்தோடு நகர்ந்தன. மேலே கதவு திறந்தது. முதல் படியில் ஒரு மோதல். அடுத்த படி. அடுத்தது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினேழு படி.

கதவின் அடிப்பாகத்தில் நகங்கள் பிறாண்டின.

திறந்தாள். மதிவாணன் குப்புறக் கிடந்தான். முழங்கைகளில் தோல் உரிந்திருந்தது. பின்னால் கால்கள் இரண்டும் துணிபோல் மடங்கிக் கிடந்தன. பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. நகங்கள் நீலம்.

"நான் தொடவே இல்லீங்க," என்றான்.

"தெரியும் நைனா, தெரியும்..." அவள் அவன் பாதத்தைத் தேய்த்தாள். "நான் சொன்னது தப்பு. அத்தினியும் வாபஸ் வாங்கிக்கிறேன். மாதாவே, வாபஸ் வாங்கிக்கிறேன்!"

பாதம் சூடாகவில்லை. போனில் 108 அழுத்தினாள்.

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மதிவாணனின் கண்கள் அகன்றன. "ஹம்சினி," என்றான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள். கேட் திறந்தது. ஷூ கால்கள் தடதடவென்று ஓடிவந்தன.

"வராத கண்ணு!" ஜெசிந்தா கத்தினாள். "இங்க வராத! வெளிய ஓடு!"

ஷூ சத்தம் நின்றது.

புத்தகப்பை விழுந்தது.

"அப்பா?"

பிறகு இழுவை. நிறுத்தம். இழுவை. முன்னதைவிட லேசானது. முன்னதைவிட வேகமானது.

போனில் யாரோ முகவரி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாசற்படியின் விளிம்பை, ஸ்கெட்ச் பேனா மை படிந்த இரண்டு சின்னக் கைகள் எட்டிப் பிடித்தன.