அறுபதைத் தொடாத எண்கள்

"ஏனுங்கம்மா, செத்துப்போன மனுசன் எங்கிட்டப் பொய் சொல்லியிருப்பாருங்களா?"

மெர்சி இப்படிக் கேட்டதும், காந்திபுரத்து அலுவலகத்தில் வெங்கடலட்சுமி கணினியை மூடிவைத்தார். வரைபடத்தில் தொலைந்த இடங்களைத் துப்புத் துலக்கித் தருவது அவர் தொழில்.

இருபது வருடங்களுக்கு முன் மெர்சியின் குழந்தை ஒரே நாள்தான் உயிரோடு இருந்தது. தாய் மயக்கத்தில் கிடக்க, சர்வே வேலை பார்த்த கணவர் ஜெரோம்தான் அடக்கம் செய்தார்.

"கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டேன்னாருங்க. அதுக்கு மேல அந்தப் பேச்சையே எடுக்காதீங்கன்னு நாந்தான் சொல்லிப்போட்டனுங்க. வருசா வருசம் அந்தத் தேதிக்கு எங்கயோ போய், சட்டையெல்லாம் சுண்ணாம்போட வருவாரு. நானும் கேக்கல. போன வருசம் அவரும் போய்ட்டாரு. அவரு சர்வே நோட்டுல 'பாப்பா'ன்னு நம்பர் இருந்துச்சு. போன்ல போட்டா, பாலக்காட்டுப் பக்கம் குளத்து நடுவுல காட்டுதுங்க. எம் புள்ளைய என்னங்க பண்ணுனாரு?"

உதவியாளர் ஹர்ஷிணி நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். 'பாப்பா 10.5830, 76.5320.' அடுத்து, 'ஊடு 10.5742, 76.5710.'

"அவசரத்துல தப்பா எழுதிட்டார் மேடம்!" முடிவுக்கு வர அவளுக்கு மூச்சுவிடும் நேரம் போதும்.

"பொறு அம்மணி. புள்ளிக்கு அப்புறம் இருக்கறத ரெண்டு ரெண்டா பிரிச்சுப் படி. எல்லாப் பக்கமும்."

"58, 30... 53, 20... 57, 42... 57, 10... 04, 17..." நாற்பது இடங்கள் முடிவதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. "மேடம்! ஒண்ணுகூட அறுபதைத் தொடல!"

"சாதாரண எண்ணுன்னா எழுபது, தொண்ணூறு வராம இருக்குமா? எது அறுபதுக்குள்ளயே நிக்கும்?"

ஹர்ஷிணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "நிமிஷம், வினாடி!"

"அதேதான். பூமியில ஒரு டிகிரிக்கு அறுபது நிமிசம், ஒரு நிமிசத்துக்கு அறுபது வினாடி. கருவி அப்படிக் காட்டுனத, இவரு ஒரே புள்ளி வெச்சுச் சேர்த்து எழுதிட்டாரு. போன் அதச் சாதாரணத் தசம எண்ணாப் படிச்சுப்போட்டுது."

"எப்படி உறுதியா சொல்றது? இந்த 'ஊடு' எந்த ஊர்?" சென்னையில் வளர்ந்த ஹர்ஷிணி கேட்டாள்.

மெர்சிக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஊடுன்னா வீடு கண்ணு. குனியமுத்தூர்ல எங்க ஊடு."

ஹர்ஷிணி நிமிடமும் வினாடியுமாகப் பிரித்துப் போட்டாள். திரையில் புள்ளி மெர்சியின் மொட்டைமாடியில் வந்து விழுந்தது.

"போன் படிச்ச மாதிரி படிச்சா உங்க ஊடும் பாலக்காட்டுப் பக்கம் போயிருக்குமுங்க," என்றார் வெங்கடலட்சுமி. "ஊடு நகருமுங்களா? அவரு பொய் சொல்லல."

அன்று மாலையே 'பாப்பா'வின் எண் மூவரையும் பேரூருக்கு அப்பால் ஒரு சிறிய கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. மூலையில் முழங்கால் உயரக் கல். 'பாப்பா' என்று ஜெரோமின் கையெழுத்து. மேலே இருந்த சுண்ணாம்பு உரிந்திருந்தது. வெங்கடலட்சுமி ஒரு சில்லை எடுத்து நீட்டினார். அடுக்கடுக்காக, வருடத்துக்கு ஒன்றாகப் பூசிய சுண்ணாம்பு.

மெர்சிக்குப் புரிந்துவிட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுதாள்.

"உங்களப் போய்ச் சந்தேகப்பட்டுப்போட்டனே! தனியாவா வந்து வந்து அடிச்சீங்க?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹர்ஷிணியிடம் திரும்பினாள். "கண்ணு, இங்க பக்கத்துல சுண்ணாம்பு எங்க கெடைக்கும்? இந்த வருசம் நான் அடிக்கோணும்."

ஹர்ஷிணி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.